பகைவனுக்குத் துக்கம் உண்டா?

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை பூந்தமல்லியைத் தாண்டியதும் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாகப் போய், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளைக் கடந்து காஞ்சிபுரத்தை நெருங்குகிறது. காஞ்சிக்கு வடக்கே புள்ளலூர் என்ற சிற்றூரில் இரண்டு தூபிகள் நிற்கின்றன. ஒன்று லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு. மற்றொன்று கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப்புக்கு. இந்த ஹிஸ்லப், ஆங்கிலத் தளபதி சர் ஐர் கூட்டின் உதவி அதிகாரியாக இருந்த இளைஞர். 1781 ஆகஸ்ட் 27 அன்று மைசூரின் ஹைதர் அலி படையோடு நடந்த சண்டையில் மாண்டார். வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் அநேகமாக அந்த ஒரு நாள்தான். பெரிய வெற்றி எதையும் அவர் ஈட்டவில்லை. பெயர் சொல்லும்படியான கொடுமை எதையும் செய்ததாகவும் பதிவில்லை. பிழைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாத வயதில் போய்விட்டார். அந்நிய வணிகக் கும்பினி ஒன்று நம் மண்ணில் நடத்திய போரில், அந்தக் கும்பினியின் பக்கம் நின்று இறந்த ஒருவருக்காக நாம் துக்கப்படலாமா? துக்கப்படலாம் என்றால், எந்த நியாயத்தின் பேரில்? அறம் சார்ந்த இந்தக் கேள்விக்கு உணர்ச்சி மட்டும் விடை சொல்லிவிட முடியாது என்பதால் கொஞ்சம் பொறுமையாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் போரைப் பற்றி. ஹைதரின் படைகளுக்கு வேண்டிய பொருள்கள் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாஹே துறைமுகம் வழியாக வந்துகொண்டிருந்தன. 1779இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மறு ஆண்டு ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். வடக்கிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி நடத்தி வந்த படை, காஞ்சிபுரத்தில் இருந்த சர் ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டும். கொசஸ்தலை ஆற்று வெள்ளம் பெய்லியைத் தாமதப்படுத்தியது. கர்னல் ஃபிளெச்சர் தலைமையில் உதவிப்படை வந்து சேர்ந்த பிறகும் அவர்கள் நாலாயிரத்தை நெருங்கிய எண்ணிக்கைதான். அதிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூர் வெளியில் ஹைதரும் அவர் மகன் திப்புவும் அந்தப் படையைச் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அன்று படையே இல்லாமல் போயிற்று. சில மணி நேர நடைத் தொலைவில் இருந்த மன்றோ, தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். திப்பு அந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அதே வெளியில்தான் கூட் மீண்டும் ஹைதரை எதிர்கொண்டார். முன்னவர்களின் எலும்புகள் அங்கே இன்னும் கிடந்தன. ஹிஸ்லப் விழுந்த அந்தச் சண்டை எவருக்கும் தெளிவான வெற்றியைத் தரவில்லை.

இந்தக் கும்பினியின் நோக்கம் நியாயமானதா என்ற கேள்விக்கு என் விடை தயக்கமில்லாதது: நியாயமானதல்ல. வரி வசூலும் வணிக லாபமும் தேடி வந்தவர்கள் ஆட்சியைப் பிடிக்க நடத்திய போர்களில் ஒன்று அது. ஹைதரும் வேறொரு அரசின் நலனுக்காகவே வந்தார். அவருடைய குதிரைப்படை எரித்த ஊர்கள் தமிழ் ஊர்கள்தான். ஆனால் ஒரு போரைப் பற்றிய தீர்ப்பும் அதில் இறந்த ஒரு மனிதரைப் பற்றிய துக்கமும் ஒரே காரியமல்ல. தீர்ப்பு செயலைப் பார்க்கிறது. ‘இது ஏன் நடந்தது, யார் பொறுப்பு, யார் பயன் பெற்றார்’ என்று கேட்கிறது. துக்கம், இருந்த ஒருவர் இல்லாமல் போனதைப் பார்க்கிறது. ஒருவர் தவறான பக்கத்தில் நின்றார் என்பது முதல் கேள்விக்கு முழு விடையாகலாம். இரண்டாவதை அது தொடுவதே இல்லை. இரண்டையும் பிரித்துக் காண முடியாதவர்கள் இரு வழியில் தவறுகிறார்கள். சிலர் இறந்தவர்மேல் இரக்கம் வந்துவிட்டால் போரையும் மன்னித்துவிடுகிறார்கள். வேறு சிலர் போரை வெறுப்பதால் இறந்தவர் சாக வேண்டியவர்தான் என்கிறார்கள். காலனியக் கால நினைவுச்சின்னங்களைப் பற்றி இன்று நடக்கும் வாக்குவாதங்களில் இந்த இரு தவறுகளையும் அடிக்கடி காண முடிகிறது.

‘நம் மரபு வீரர்களுக்குக் கல் நட்டது, ஆனால் நம்மவர்களுக்குத்தான் நட்டது’ என்று ஒருவர் மறுக்கலாம். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பல்ல. தொல்காப்பியம் நடுகல் வழக்கை வெட்சித்திணையில் வைத்துப் பேசுகிறது. வெட்சி என்பது பிறர் ஆநிரையைக் கவரப் போவது. கல்லைத் தேர்வதிலிருந்து அதை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை இலக்கணம் வகுத்துச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்களில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலையே குறிக்கிறது. ஆக, போன காரியம் கொள்ளையா காவலா என்பதைப் பொறுத்துக் கல் மறுக்கப்படவில்லை. கவரப் போனவனும் மீட்கப் போனவனும் கல்லுக்கு உரியவர்கள்தான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கல்லை நட்டவர்கள் அவனுடைய சொந்த ஊரார். புள்ளலூர்த் தூபியையும் ஹிஸ்லப்பின் தரப்புதான் நட்டது. எதிர்த்தரப்பு நட்ட கல்லை நம் மரபில் காட்டு என்று கேட்டால், நடுகல் வழக்கு விடை தராது. விடையை வேறிடத்தில் தேட வேண்டும்.

அது மகாபாரதத்தில் கிடைக்கிறது. பகைவனுக்காக, ஏன், சொந்தக்காரனுக்காகவும்கூட அழ வேண்டாம் என்பதற்கு ஆதாரமாக எல்லோரும் எடுத்துக்காட்டும் நூல் அந்த இதிகாசத்துக்குள்தான் இருக்கிறது. ஆன்மா கொல்லப்படுவதில்லை, எனவே அறிவுடையோர் வருந்துவதில்லை என்பது கீதையின் இரண்டாம் அத்தியாயம் சொல்லும் செய்தி. ஆனால் அது சொல்லப்பட்டது போர் தொடங்கும் முன். போர் முடிந்தபின் அதே இதிகாசம் ஸ்திரீ பருவத்தை வைத்திருக்கிறது. அங்கே காந்தாரி தன் பிள்ளைகளுக்காக மட்டும் அழவில்லை. தன் பிள்ளைகளின் தரப்பு கூடிக் கொன்ற அபிமன்யுவின் உடலையும், அவன்மேல் விழுந்து அழும் உத்தரையையும் கண்டு புலம்புகிறாள். அபிமன்யுவும் இளைஞன், அவளைப் பொறுத்தவரை பகைவனின் மகன். இன்னும் முக்கியமான ஓரிடம் அந்தப் பருவத்தின் இறுதியில் வருகிறது. பல தேசங்களிலிருந்து வந்து, எடுத்து எரிக்க உறவினர் எவருமின்றிக் கிடந்த ஆயிரக்கணக்கானோரின் உடல்களுக்கும் முறைப்படி தகனம் செய்ய தருமர் ஆணையிடுகிறார். விதுரர் அதை நிறைவேற்றுகிறார். இறந்தவன் எந்தப் பக்கம் நின்றான் என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. கீதையைச் சொன்ன இதிகாசமே இந்தக் காட்சியையும் சொல்கிறது என்றால், ஆன்மா அழியாது என்ற உண்மை துக்கத்தை ரத்து செய்துவிடுகிறது என்று அதன் ஆசிரியர் கருதவில்லை என்றே கொள்ள வேண்டும். செயலில் இறங்கத் தயங்கியவனுக்குச் சொன்ன அறிவுரை அது. இறந்தவர்களுக்கு என்ன கடன் என்பது வேறு கேள்வி.

தத்துவ நோக்கில் ஒரு கடினம் இன்னும் மிச்சமிருக்கிறது. அழியாத ஆன்மா வேறோர் உடலை எடுத்துக்கொள்ளும் என்றால், ஹிஸ்லப் என்ற இளைஞரின் மரணத்தில் உண்மையில் இழந்தது என்ன? இதற்கு விடை தேட இந்தப் பகுதியிலேயே பிறந்த ஒருவரைத் துணைக்கு அழைக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் அவதரித்த ஊர். நானும் நீயும் இந்த அரசர்களும் இல்லாதிருந்த காலம் கிடையாது என்று கண்ணன் சொல்லும் கீதைச் சுலோகத்துக்கு எழுதிய உரையில், இறைவனுக்கும் உயிர்களுக்கும் இடையிலும், உயிர்களுக்குள்ளேயும் உள்ள வேறுபாடு மெய்யானது என்று அவர் நிறுவுகிறார். பல உயிர்கள் என்பது மயக்கத் தோற்றமல்ல. ஒவ்வோர் உயிரும் தன்னளவில் உண்மையானது. இங்கிருந்து நான் எடுக்கும் முடிவு என்னுடையது. துக்கப்படு என்று இராமானுசர் அங்கே சொல்லவில்லை. ஆனால் உயிர்கள் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ள முடியாதவை என்றால், ஒருவருக்குப் பதில் இன்னொருவர் என்ற கணக்கு செல்லாது. ஒருவரின் மறுபிறப்பு கூட அவர் விட்டுச்சென்ற இந்த வாழ்க்கையைத் திருப்பித் தராது. அந்தத் தாய்க்கு அந்த மகன் திரும்பி வரமாட்டான். படைப்பிரிவில் இன்னொரு கேப்டனை நியமித்துவிடலாம். இழந்த மனிதரை யாராலும் நியமிக்க முடியாது. இதையெல்லாம் ஊழ் என்று சொல்லி முடித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆயுள் எழுதப்பட்டதாகவே இருக்கட்டும். அது ஏன் முடிந்தது என்பதற்கு ஊழ் ஒரு விடையாகலாம். முடிந்ததில் இழப்பில்லை என்பதற்கு அது ஆதாரமாகாது.

இளமையில் நேரும் மரணத்தின் தனித்த கொடுமையை இங்கிருந்துதான் சொல்ல முடியும். அனுபவிக்க வேண்டியவற்றை அனுபவிக்காமல் போனார் என்பது அந்தக் கொடுமையில் ஒரு பாதிதான். வேறொருவராக மாறும் வாய்ப்பை அவர் இழந்தார் என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. இருபதுகளில் இருப்பவர் பெரும்பாலும் பிறர் கொடுத்த கொள்கையை, பிறர் கொடுத்த சீருடையை அணிந்திருப்பவர். அது சரியா என்று கேட்கும் பருவம் பின்னால் வருகிறது. அசோகரை எடுத்துக்கொள்வோம். பட்டம் சூடி எட்டாண்டு ஆனபின் கலிங்கத்தை வென்றதையும், அங்கே ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டு ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும், அதற்காகத் தான் வருந்துவதையும் அவரே பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் பொறித்து வைத்தார். கலிங்கப் போர்க்களத்தில் ஓர் அம்பு அவர் மார்பில் பாய்ந்திருந்தால், வரலாறு அசோகரை ஒரு கொலைகாரராக மட்டுமே அறிந்திருக்கும். அந்தக் கல்வெட்டை எழுத அவருக்குக் காலம் கிடைத்தது. இங்கிலாந்துக் கவிஞர் வில்ஃபிரட் ஓவென் 1915இல் தாமே முன்வந்து படையில் சேர்ந்தவர். 1917இன் தொடக்கத்தில் பிரான்ஸ் போர்முனையைக் கண்டு, மனம் நொறுங்கி, எடின்பரோ அருகே மருத்துவமனையில் கிடந்த மாதங்களில்தான் போரின் பொய்யை உரித்துக் காட்டும் கவிதைகளை எழுதத் தொடங்கினார். 1918 நவம்பர் 4 அன்று, போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், 25 வயதில் கொல்லப்பட்டார். செய்தி தாயாரை எட்டியபோது ஊரில் போர் முடிந்ததற்காகத் தேவாலய மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தன. போர்முனைக்குத் திரும்பும் முன் மகன் தாகூரின் வரிகளைச் சொல்லி விடைபெற்றதையும், அவை அவருடைய குறிப்பேட்டில் இருந்ததையும் பின்னர் அந்தத் தாய் தாகூருக்கே எழுதினார். போர்முனைக்குப் போன முதல் மாதத்திலேயே குண்டடிபட்டிருந்தால், ஓவென் இன்னொரு அதிகாரியின் பெயராக மட்டும் ஏதோவொரு கல்லில் இருந்திருப்பார். ஒருவரை வேறொருவராக்க, இரண்டாண்டுக்கும் குறைவான அந்தக் காலம் போதுமானதாக இருந்தது. ஹிஸ்லப்புக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பொன்று புள்ளலூரிலேயே இருக்கிறது. பெய்லியின் படையில் இருந்த கேப்டன் டேவிட் பேர்ட் அன்று காயத்தோடு பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டு சிறையிருந்தார். பெய்லி அதே சிறையில் 1782இல் இறந்தார், பேர்ட் பிழைத்தார். பிழைத்தவர் மனம் மாறிச் சமாதானம் பேசவில்லை. 1799 மே 4 அன்று அதே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கிய படைக்கு அவரே தலைமை ஏற்றார். அன்றுதான் திப்பு மாண்டார். ‘காலம் கிடைத்தவர் செய்தது இதுதானே, ஹிஸ்லப் மட்டும் என்ன செய்திருப்பார்?’ என்று கேட்கலாம். பெரும்பாலும் பேர்ட் செய்ததையே செய்திருப்பார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேர்டின் அந்த நாளை முழுதாகப் பார்க்க வேண்டும். தன்னைச் சிறையிட்டவரின் பிள்ளைகள் அன்று அவர் கையில் வந்து சேர்ந்தார்கள். பழிவாங்க முழு வாய்ப்பிருந்த அந்த நேரத்தில் அவர்களுக்குத் தீங்கு நேராது என்று உறுதியளித்து, மரியாதையோடு நடத்தினார். வாழ்ந்ததால் அவர் பெருங்கேடும் செய்தார். ஒரு நல்ல காரியத்துக்கும் அவரிடம் இடமிருந்தது. இரண்டுக்கும் அவரே பொறுப்பாளி ஆனார். நான் சொல்லும் வாய்ப்பு, நல்லவராகிவிடுவார் என்ற உத்தரவாதம் இல்லை. தன் வாழ்க்கைக்குத் தானே பதில் சொல்லும் நிலைக்கு வளர்வது. தம் பிள்ளைகளை ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்கு அனுப்பும் பெற்றோர் எல்லோரும் நம்புவது இதைத்தானே? இருபது வயதில் ஒரு பிள்ளை இருக்கும் நிலை அவனுடைய கடைசி நிலை என்று எந்தத் தாயும் ஒப்புக்கொள்வதில்லை. போர் மட்டும்தான் அதைக் கடைசி நிலையாக்கிவிடுகிறது.

எல்லாவற்றிலும் நியாயமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. கும்பினி அதிகாரி ஒருவருக்கு இவ்வளவு பேசும் நீ, அந்தப் போரால் செத்த தமிழ் உழவர்களைப் பற்றி என்ன சொல்கிறாய்? ஊர்கள் எரிந்து, விளைச்சல் அழிந்து, ஏரிப்பாசனம் சீர்குலைந்து, மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடினார்கள். 1782 பஞ்சத்தில் அவர்களுக்காகத் திறந்த கஞ்சித்தொட்டியிலிருந்து வளர்ந்ததுதான் மணியக்காரர் சத்திரம். அதன் நினைவு, இன்றும் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைக்கும் வடசென்னைப் பேச்சில் தங்கியிருக்கிறது. 1780 செப்டம்பரில் பெய்லியின் படையிலிருந்த 86 ஐரோப்பிய அதிகாரிகளில் 36 பேர் இறந்தார்கள், 34 பேர் காயம்பட்டார்கள், 16 பேர் காயமின்றிச் சிறைப்பட்டார்கள் என்று கணக்கு துல்லியமாக இருக்கிறது. அதே வயலில் செத்த சிப்பாய்களுக்கு அப்படிப் பேர் பேராக ஒரு கணக்கு இல்லை. ஹைதரின் காலாட்களுக்கும் இல்லை. பஞ்சத்தில் செத்தவர்களுக்கு எங்குமே இல்லை.

இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஹிஸ்லப்பின் கல்லை நான் இவ்வளவு தூரம் வாதாடிக் காப்பதற்கே காரணம் இதுதான். பெயரைப் பொறிப்பது பெரிய மனிதர்களின் உரிமை என்று நம் மண் ஒருபோதும் நினைத்ததில்லை. புள்ளலூர் என்ற பெயர் முதலில் வரலாற்றில் வருவது ஆங்கிலேயரால் அல்ல. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே பகைவரை முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதே மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், திருவண்ணாமலைப் பகுதியில் எடத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. எருமை மந்தைப் பூசலில் மாண்ட கருந்தேவக் கத்தி என்ற சேவகனுக்கான கல் அது. அவனோடு நின்று கள்வர்களைக் கடித்த நாயின் உருவமும் அதில் உண்டு. கோவிவன் என்ற அந்த நாயின் பெயரும் உண்டு. செம்பரம்பாக்கத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில், பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் போர்வீரர் கல்லறை இருக்கிறது. 1952இல் அமைந்தது, இரண்டாம் உலகப் போரில் மாண்ட 856 பேர் அங்கே ஒரே அளவுக் கற்களின் கீழ் கிடக்கிறார்கள். பதவியோ இனமோ மதமோ பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்ற கொள்கையின் பேரில் உருவானது, அந்தக் கல்லறையைப் பராமரிக்கும் போர்க் கல்லறை ஆணையம். அப்படிப்பட்ட ஆணையமே, முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசியப் படையினரில் குறைந்தது 116,000 பேர் பெயரின்றியோ, நினைவே இன்றியோ விடப்பட்டார்கள் என்று 2021இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நல்ல கொள்கையும் தானாக எல்லோரையும் எட்டுவதில்லை. யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.

ஹிஸ்லப்புக்காகத் துக்கப்பட நான் சொன்ன காரணம், ஒருவருக்குப் பதில் இன்னொருவர் இல்லை என்பதும், வளரும் வாய்ப்பு அறுந்துபோனது என்பதும். இந்தக் காரணத்தில் அவருடைய பதவியோ நாடோ நிறமோ எங்கும் வரவில்லை. எனவே அது அவருக்குச் செல்லுபடியானால், அவர் அருகில் விழுந்த சிப்பாய்க்கும், எதிரே விழுந்த மைசூர்க் காலாளுக்கும், எரிந்த ஊரிலிருந்து ஓடி வழியில் செத்த குழந்தைக்கும் அதே அளவு செல்லும். அவர்களுக்குச் செல்லாது என்பவர் ஹிஸ்லப்புக்காக வருந்தும் உரிமையையும் இழந்துவிடுகிறார். மறுபக்கமாகவும் இது உண்மை. நம்மவர்களுக்காக மட்டும் அழுவோம், இந்த வெள்ளைக்காரன் கல் எதற்கு என்று அதைப் பெயர்த்துப் போட்டால், அந்த வயலில் யார் செத்தார்கள் என்று கேட்க அங்கே மிச்சமிருக்கும் சாட்சியையும் அழித்துவிடுவோம். தருமர் உறவற்ற அந்நியர்களுக்குச் செய்த கடனை நாம் மறுத்தவர்களாவோம்.

ஆகவே புள்ளலூர்த் தூபிகளைக் காக்க வேண்டும். அவற்றின் பக்கத்தில் இன்னொரு கல்லையும் நட வேண்டும். 1780 செப்டம்பர் 10, 1781 ஆகஸ்ட் 27 என்ற இரு தேதிகளையும் தமிழில் பொறித்து, கும்பினிச் சிப்பாய்கள், மைசூர்ப் படையினர், சுற்றுப்புற ஊர்களின் மக்கள் என்று மூவரையும் அதில் குறிப்பிட வேண்டும். பெயர்கள் கிடைக்காது, கிடைக்காது என்பதையும் அந்தக் கல்லிலேயே எழுதலாம். இதற்குப் பெரிய செலவும் இல்லை, யாருடைய மனமும் புண்படப் போவதுமில்லை. தொல்லியல் துறையும் காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகமும் புள்ளலூர் ஊராட்சியும் சேர்ந்து இதைச் செய்ய முன்வர வேண்டும்.